‘எனக் கொள்க’

நீளமான பதிவு. உள்ளே கணிதமும் இருக்கிறது. கணிதம் என்றாலே ஓடுகிறவர்கள் மோட்டார் சைக்கிள் வரும் இடத்துக்கு நேரே போய்விடலாம். அங்கும் கணிதம்தான், ஆனால் கிரீஸ் வாசத்தோடு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் உயர்தர ஆசிரியன் இல்லை. கல்வியியற் கல்லூரியில் கணிதம் பயின்று, தரம் 6 முதல் 11 வரை கற்பிக்க அனுப்பப்பட்டவன். ஆனால் எங்கள் பக்கத்துச் சிறிய ஊர்களில் இணைந்த கணிதம் எடுக்கும் பிள்ளைகளுக்கு ரியூசனுக்கு நகரத்துக்குப் போக வசதி இல்லாவிட்டால், ஊரில் கணிதம் தெரிந்த யாராவது ஒருவரைப் பிடித்துக்கொள்வார்கள். அப்படிப் பிடிபட்டவன் நான். சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு ஆறேழு பிள்ளைகள் வருவார்கள். காசு கிடையாது. யாராவது வீட்டிலிருந்து வட்டிலப்பம் வரும், அவ்வளவுதான்.

போன வருடம் அந்த வகுப்பில் நான் ஒரு பிழை செய்தேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

பாடம் எளிமை இசை இயக்கம். விற்சுருளில் தொங்கும் ஒரு துணிக்கை. விசைகளைப் போட்டு, நியூட்டனின் இரண்டாம் விதியைப் பிரயோகித்து, ஆர்முடுகல் இடப்பெயர்ச்சிக்கு விகிதசமம், திசை எதிர் என்ற சமன்பாட்டுக்கு வந்துவிட்டோம். அதற்கு அடுத்து இந்தப் பகுதிக் கணக்குகளில் வழமையாக வரும் வரி வந்தது. தீர்வு கோசைனும் சைனும் சேர்ந்த இன்ன வடிவில் உள்ளது எனக் கொண்டு மாறிலிகளைக் காண்க. நான் பலகையில் எழுதிக்கொண்டே போனேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

“சேர், நாம கொள்ளாட்டி?”

“என்ன மகன்?”

“எனக் கொள்க எண்டு இரிக்கி. நாம அப்பிடிக் கொள்ளாட்டி என்ன ஆகும்? வேற ஒரு தீர்வு இருந்தா?”

நான் திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்: “நீ கொள்ளாட்டி புள்ளியும் கொள்ளாது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கொப்பியைப் பார்த்து எழுதத் தொடங்கினான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிறகு சில சனிக்கிழமைகள் வரவும் இல்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பதில் தெரியாது. அதுதான் காரணம். அந்த வடிவத்தைச் சமன்பாட்டில் பிரதியிட்டால் சரிவரும் என்பது தெரியும். அவன் கேட்டது அது இல்லை. வேறு ஒன்றும் சரிவரலாமே என்று கேட்டான். நான் உயர்தரம் படித்த காலத்தில் எனக்கும் அதே சந்தேகம் வந்தது, ஒருவர் அதே மாதிரி என் வாயை அடைத்தார். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அவருடைய பகிடியை நான் என் பிள்ளை ஒருவனிடம் திருப்பிச் சொல்லியிருக்கிறேன்.

வினாத்தாளை நான் குறை சொல்லவில்லை. ‘எனக் கொள்க’ என்பது நேர்மையான சொல். இதை இங்கே நிறுவவில்லை, ஏற்றுக்கொண்டு மேலே போ என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. அந்தச் சொல்லை ‘பாடமாக்கு’ என்று மொழிபெயர்த்தது வகுப்பறையில் நிற்கிற நாங்கள்.

பட்டப்படிப்பிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. வெளிவாரியாகப் படித்தபோது மாறாக் குணகங்களைக் கொண்ட இரண்டாம் வரிசை ஏகபரிமாண வகையீட்டுச் சமன்பாடு என்று ஒரு பெரிய பெயரோடு இதே விடயம் வந்தது. கையில் கிடைத்த குறிப்பில் மூன்று வரி அட்டவணை. துணைச் சமன்பாட்டை எழுது. மூலங்கள் மெய்யாக, வேறுவேறாக இருந்தால் இது. சமனாக இருந்தால் இது. சிக்கலெண்ணாக இருந்தால் இது. பிரியாணிக்கு மசாலா போடுகிற மாதிரி. நான் அதை அப்படியே விழுங்கிச் சித்தியடைந்தேன். நல்ல புள்ளியும்கூட.

இனிக் கொஞ்சம் கணிதம். போனில் எழுதுவதால் வழமையான எழுத்துகளுக்குப் பதில் தமிழ் எழுத்துகளையே போடுகிறேன். ந என்பது நேரம், ய இடப்பெயர்ச்சி, ய′ வேகம், ய″ ஆர்முடுகல். ஈ என்பது 2.718 என்று தொடங்கும் அந்த எண். ஐ என்பது −1 இன் வர்க்கமூலம். ^ அடுக்கைக் குறிக்கும்.

இந்தச் சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்:

ய″ + 3ய′ + 2ய = 0

இது என்ன கேட்கிறது? ஒரு சார்பு, அதன் முதல் வகையீடு, அதன் இரண்டாம் வகையீடு மூன்றையும் குறிப்பிட்ட அளவுகளில் கூட்டினால் எப்போதும் பூச்சியம் வரவேண்டும். எல்லா நேரத்திலும். அப்படியென்றால் மூன்றும் ஒன்றை ஒன்று வெட்டக்கூடிய ஒரே சாதியாக இருக்கவேண்டும். ந² ஐப் போட்டால் வகையீடு 2ந, அடுத்தது 2. மூன்றும் மூன்று மாதிரி, வெட்டுப்படாது. வகையிட்டாலும் முகம் மாறாத சார்பு ஒன்று வேண்டும். உயர்தரப் பிள்ளைக்கு அப்படி ஒன்றை ஏற்கெனவே தெரியும்: ஈ^(மந). ஒரு தடவை வகையிட்டால் முன்னால் ஒரு ம வரும், இரண்டு தடவையென்றால் ம². சார்பு அப்படியே இருக்கும். பிரதியிட்டால் ஈ^(மந) பொதுவாக வெளியே வந்துவிடும். அது ஒருபோதும் பூச்சியமாகாது. ஆகவே மிஞ்சுவது:

ம² + 3ம + 2 = 0

சாதாரண தரப் பிள்ளை காரணிப்படுத்துகிற சமன்பாடு. ம = −1, −2. ‘துணைச் சமன்பாடு’ என்று நாங்கள் பயமுறுத்திய சாமான் இவ்வளவுதான். நான் தரம் 10 இல் வெள்ளிக்கிழமை தோறும் செய்விக்கிற கணக்கு.

இது ஒரு ஊகம். ஊகம் என்று பிள்ளைகளிடம் சொல்வதில் என்ன வெட்கம்? இப்படி இருக்குமோ என்று எண்ணிப் பார்த்தோம், பிரதியிட்டோம், பொருந்திவிட்டது. கணிதத்தில் ஊகிப்பது குற்றமில்லை. ஊகித்ததை மறைத்து, வானத்திலிருந்து இறங்கிய விதி மாதிரிக் காட்டுவதுதான் குற்றம்.

ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்வி இன்னும் மிச்சம் இருக்கிறது. ஊகித்த தீர்வு பொருந்துகிறது, சரி. வேறொன்று பொருந்தாது என்று யார் சொன்னது?

இரண்டு மூன்று இரவு இதோடு இருந்தேன். கடைசியில் கிடைத்தது உயர்தரப் பிள்ளைக்கு முழுக்க விளங்கக்கூடிய மூன்று வரி. எளிமை இசை இயக்கத்துக்கே சொல்கிறேன்: ய″ = −ஒமேகா² ய. தொடக்கத்தில் ஒரே இடத்திலிருந்து ஒரே வேகத்தோடு புறப்படும் இரண்டு தீர்வுகள் இருக்கின்றன என்று வைப்போம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வருவதை வி (வித்தியாசம்) என்று சொல்வோம். வியும் அதே சமன்பாட்டுக்குக் கட்டுப்படும். தொடக்கத்தில் வி பூச்சியம், வி′ பூச்சியம்.

இப்போது (வி′)² + ஒமேகா² வி² என்ற கணியத்தை வகையிடுங்கள். 2வி′(வி″ + ஒமேகா² வி) என்று வரும். அடைப்புக்குள் இருப்பது பூச்சியம். ஆகவே அந்தக் கணியம் மாறாது. தொடக்கத்தில் அது பூச்சியம், எனவே எப்போதும் பூச்சியம். இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை பூச்சியமென்றால் இரண்டும் தனித்தனியே பூச்சியம். வி பூச்சியம். இரண்டு தீர்வும் ஒன்றேதான்.

பௌதிகம் படிக்கிற பிள்ளை அந்தக் கணியத்தைப் பார்த்தவுடன் சொல்லும், இது இயக்கச் சக்தியும் நிலைச் சக்தியும் சேர்ந்ததுதானே என்று. ஆமாம், சக்திக் காப்பேதான். தொடக்கத்தில் சக்தி இல்லாதது பிறகும் அசையாது, அவ்வளவுதான் இந்த நிறுவல். உராய்வு மாதிரி ய′ உறுப்பு ஒன்று சேர்ந்தாலும் இதே வழி நடக்கும். அப்போது அந்தக் கணியம் குறையத்தான் முடியும், பூச்சியத்துக்குக் கீழே போக முடியாது, எனவே பூச்சியத்திலேயே நிற்கும்.

நாம் கொள்ளாவிட்டாலும் அதுதான் தீர்வு மகன். வேறு இல்லை. இந்தப் பதிலை நான் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். தெரிந்திருந்தால்.

இதிலிருந்தே ஏன் இரண்டு மாறிலிகள் என்பதும் விளங்கிவிடுகிறது. ஊஞ்சல் ஒன்று நடுவில் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. அது சும்மா தொங்கிக்கொண்டிருக்கலாம், அல்லது பிள்ளையோடு விர்ரென்று நடுவைத் தாண்டிக்கொண்டிருக்கலாம். எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் போகிறது, இரண்டும் வேண்டும். இரண்டு தகவல், இரண்டு மாறிலி.

இனி மோட்டார் சைக்கிள்.

பிள்ளை வராமல் நின்ற ஒரு நாள் என் சைக்கிளின் முன்பக்கம் குழியில் இறங்கினால் குதிரை மாதிரித் துள்ளத் தொடங்கியது. கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கே அவன். கராஜ்காரக் காக்கா அவனுக்குச் சொந்தம், பின்னேரங்களில் உதவிக்கு நிற்கிறானாம். என்னைக் கண்டு கொஞ்சம் கூச்சப்பட்டான். எனக்கு அதைவிடக் கூச்சம்.

காக்கா கருவி ஒன்றையும் எடுக்கவில்லை. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைக் கீழே ஒரு அமத்து அமத்திவிட்டு விட்டார். சைக்கிள் எழும்பியது, இறங்கியது, மறுபடி எழும்பியது.

“சொக் ஒயில் போயிட்டு சேர். ஒயில் சீல் ஒழுகுது. நல்ல சொக் எண்டா ஒருக்கா எழும்பி அப்பிடியே நிண்டிரும்.”

“கூட ஒயில் ஊத்தினா இன்னும் நல்லா நிக்குமா காக்கா?”

“இல்ல சேர். மொத்தமான ஒயில் போட்டா கல்லு மாதிரி. அமந்தது எழும்புறதுக்குள்ள அடுத்த குழி வந்திரும்.”

நான் கையில் பிடித்த பிளேன்டீயோடு அப்படியே நின்றேன். அந்த மனிதர் ஒரு தள்ளில் மூன்று வரி அட்டவணையைச் சொல்லி முடித்துவிட்டார்.

சமன்பாடு இதுதான்: திணிவு × ய″ + ஒயில் × ய′ + விற்சுருள் × ய = 0. முதலாவது சைக்கிளின் பாரம். மூன்றாவது விற்சுருளின் விறைப்பு. நடுவில் இருப்பது, துளைகளினூடாக ஒயில் கஷ்டப்பட்டுப் போவதால் வரும் தடை, வேகம் கூடக் கூட அதுவும் கூடும். (உண்மையான சொக்கில் இது இவ்வளவு நேர்த்தியாக விகிதசமமாக இருக்காது. முதல் பார்வைக்குப் போதும்.) ஈ^(மந) ஐப் போட்டால் இருபடிச் சமன்பாடு. அதைத் தீர்க்கும்போது வர்க்கமூலக் குறியின் கீழே வருவது: ஒயிலின் வர்க்கம், கழித்தல் 4 × திணிவு × விற்சுருள்.

ஒயில் குறைந்தால் அது மறையாகும். மூலங்கள் சிக்கலெண். சைக்கிள் துள்ளும். ஒயில் மிதமிஞ்சினால் அது நேராகும். இரண்டு மெய் மூலங்கள், இரண்டும் மறைப் பெறுமானம். சைக்கிள் துள்ளாது, ஆனால் ஆமை மாதிரித் திரும்பி வரும். இரண்டுக்கும் நடுவில், சரியாகப் பூச்சியமாகிற இடத்தில், துள்ளாமல் மிக விரைவாக நிலைக்கு வரும். நல்ல சொக் அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

அவனைக் கூப்பிட்டேன். பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அவன் பார்த்துவிட்டுக் கேட்டது: “அப்ப சேர், பின்னால அரிசி மூட்டை ஏத்தினா?” திணிவு கூடினால் கழிக்கிற பகுதி கூடும், மறைப் பக்கம் போகும், கூடத் துள்ளும். “அதான் மூட்டையோட போகக்குள்ள ஆடுது” என்றான். இந்த மாதிரி ஒரு கேள்வியை நான் கேட்டிருக்கமாட்டேன். எனக்கு அந்தச் சமன்பாட்டில் திணிவு என்பது கணக்கில் தரப்படும் ஒரு எழுத்து மட்டும்தான்.

மற்ற சனிக்கிழமை அவன் வந்தான். அன்றைக்கு முதலில் நான் வகுப்பின் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நினைக்கிற ஆசிரியர்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கலாம். எனக்குப் போகவில்லை. பிறகு அந்த மூன்று வரி நிறுவலைப் பலகையில் போட்டேன். பதினொரு நிமிடம் எடுத்தது. பார்த்து வைத்துக்கொண்டேன், ஏனென்றால் ‘நேரம் இல்லை’ என்று சொல்லப் போகிறவர்கள் யாரென்று எனக்குத் தெரியும்.

அன்றைக்குச் சமனான மூலங்கள் பற்றியும் பேச்சு வந்தது. இதுதான் அட்டவணையில் எனக்கு எப்போதும் எரிச்சல் தந்த வரி. ய″ + 4ய′ + 4ய = 0. ம = −2, இரண்டு தடவையும். ஈ^(−2ந) ஒன்று. இரண்டாவது எங்கே? குறிப்பில் “ந ஆல் பெருக்கு” என்றிருக்கும். ஏன் ந? ஏன் ந² இல்லை? பிரதியிட்டால் சரிவரும் என்று வாய் மூடிவிடும்.

இப்படிப் பாருங்கள். மூலங்கள் சரியாகச் சமனாக இல்லை, ஒரு சின்ன வித்தியாசம் என்று வைப்போம்: −2 உம் −2 + சி உம். இப்போது ஈ^((−2 + சி)ந) ஒரு தீர்வு, ஈ^(−2ந) ஒரு தீர்வு. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துச் சி ஆல் வகுத்தாலும் அந்தச் சமன்பாட்டின் தீர்வுதான். இனிச் சி ஐப் பூச்சியத்துக்குக் கொண்டுபோங்கள். இது எங்கேயோ பார்த்த முகம்! முதற் கோட்பாட்டிலிருந்து வகையிடுவது. ஆனால் ந ஐக் குறித்து இல்லை, ம ஐக் குறித்து. ஈ^(மந) ஐ ம ஐக் குறித்து வகையிட்டால் முன்னால் வருவது ந. அந்த ந இங்கிருந்துதான் வருகிறது. இரண்டு மூலங்கள் ஒன்றோடொன்று மோதுகிறபோது விட்டுச் செல்கிற தடம் அது. வகுப்பில் இரண்டு பிள்ளைகள் “ஆ” என்று சத்தமாகவே சொன்னார்கள்.

சிக்கலெண் மூலங்களுக்கு ஒரு கதை இருக்கிறது. கதை என்றாலும் நடந்தது.

இந்த வகைச் சமன்பாடுகளை ஈ^(மந) என்ற ஊகத்தால் முழுமையாகத் தீர்க்கும் வழியை ஒயிலர் 1739 செப்டம்பரில் ஒரு கடிதத்தில் எழுதினார். யாருக்கு? யோகான் பேர்னூலிக்கு, பாசல் நகரில் தன் ஆசிரியராக இருந்தவருக்கு. ஒயிலர் அப்போது சென் பீற்றர்ஸ்பேர்க்கில். வயது 32, என்னைவிட இளையவர். பேர்னூலிக்கு எழுபது தாண்டிவிட்டது. 1743 இல் அந்த வழி அச்சில் வந்தது. அதற்கு முன்னால், 1740 ஒக்டோபரில், அதே ஆசிரியருக்கு இன்னொரு கடிதம். அதில் ஒயிலர் சொல்கிற விடயம் ஏறத்தாழ இது: 2 கோசைன் ந என்பதும், ஈ^(ஐந) + ஈ^(−ஐந) என்பதும் ஒரே வகையீட்டுச் சமன்பாட்டின் தீர்வுகள், எனவே இரண்டும் சமனாகத்தான் இருக்கவேண்டும்.

நாமே சரிபார்க்கலாம். இரண்டுமே ய″ = −ய என்பதற்குக் கட்டுப்படும். நேரம் பூச்சியத்தில் இரண்டுக்கும் பெறுமானம் 2, இரண்டின் வேகமும் பூச்சியம். ஒரே இடத்திலிருந்து ஒரே வேகத்தில் புறப்பட்டவை ஒன்றேதான் என்று மேலே மூன்று வரியில் பார்த்தோமே. (சிக்கலெண் என்பதால் மெய்ப் பகுதி, கற்பனைப் பகுதி இரண்டுக்கும் தனித்தனியே அந்த மூன்று வரியைப் போடவேண்டும், அவ்வளவுதான்.) 1748 இல் ஒயிலரின் புத்தகத்தில் வந்து உலகப் புகழ் பெற்ற ஈ^(ஐந) = கோசைன் ந + ஐ சைன் ந என்ற சூத்திரத்தின் ஒரு வேர், நாங்கள் ‘எனக் கொள்க’ என்று தாண்டிப்போகிற இதே சமன்பாட்டில் இருக்கிறது.

எங்கள் பிள்ளைகள் சிக்கலெண்ணைத் தூய கணிதக் கொப்பியில் படிக்கிறார்கள். எளிமை இசை இயக்கத்தைப் பிரயோக கணிதக் கொப்பியில் படிக்கிறார்கள். பலருக்கு இரண்டுக்கும் இரண்டு ஆசிரியர்கள், இரண்டு நாள். இரண்டு கொப்பியும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. −1 இன் வர்க்கமூலம் எதற்கு என்று ஒரு பிள்ளை கேட்டால் நாங்கள் தடுமாறுகிறோம். துள்ளுகிற சொக்கைக் காட்டலாமே. ய″ + 2ய′ + 5ய = 0 இன் மூலங்கள் −1 ± 2ஐ. அந்த −1 துள்ளல் எவ்வளவு கெதியாக அடங்கும் என்று சொல்கிறது. 2 எவ்வளவு கெதியாகத் துள்ளும் என்று சொல்கிறது. மெய்ப் பகுதி அடக்கம், கற்பனைப் பகுதி ஆட்டம். கற்பனை என்று பெயர் வைத்தவர் குழியில் சைக்கிள் ஓட்டவில்லை போலும்.

இன்னொரு பிழையையும் ஒத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் ரக்கோமா குறுகல் பாலம் 1940 நவம்பர் 7 ஆம் திகதி காற்றில் முறுகி விழுந்த வீடியோவைப் பல வருடங்களாகப் பிள்ளைகளுக்குக் காட்டி, “இதுதான் பரிவு, காற்றின் மீடிறனும் பாலத்தின் மீடிறனும் ஒத்துப்போனது” என்று சொல்லிவந்தேன். எனக்கு அப்படித்தான் சொல்லித்தந்தார்கள், பல புத்தகங்களிலும் அப்படித்தான் இருந்தது. பில்லா, ஸ்கான்லன் என்ற இருவர் 1991 இல் ஒரு பௌதிகச் சஞ்சிகையில் இது சரியான விளக்கம் இல்லை என்று விரிவாக எழுதியிருக்கிறார்கள். பாலம் முறுகத் தொடங்கியதும், அந்த முறுகலே காற்றிலிருந்து மேலும் சக்தியை இழுத்தது. எங்கள் சமன்பாட்டின் மொழியில் சொன்னால் ய′ இன் குணகம் மறையாகிவிட்டது. ஒயில் போனது மட்டுமில்லை, ஒயில் எதிராக வேலைசெய்யத் தொடங்கியது. மெய்ப் பகுதி நேராகிறது, ஆட்டம் அடங்காமல் வளர்கிறது. வெளியிலிருந்து தாளம் போட யாரும் தேவையில்லை.

லண்டனில் தேம்ஸ் நதிக்கு மேலே நடைபாலம் ஒன்றை 2000 ஜூன் 10 இல் திறந்தார்கள். சனம் ஏறியதும் பாலம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. இரண்டு நாளில் மூடினார்கள். பொறியியலாளர்கள் ஆட்களை நடக்கவிட்டுச் சோதித்தபோது, ஆடுகிற பாலத்தில் சமநிலை பிடிக்க ஆட்கள் கால் வைக்கிற விதம் பாலத்தின் பக்கவாட்டு வேகத்துக்கு விகிதசமமான விசையாகிறது என்று கண்டார்கள். வேகத்துக்கு விகிதசமம் என்றால் ய′ உறுப்பு. ஒவ்வொரு ஆளும் பாலத்திலிருந்து கொஞ்சம் ஒயிலைக் களவெடுக்கிற மாதிரி. ஒரு எண்ணிக்கை தாண்டினால் குணகம் மறை. பக்கவாட்டு ஆட்டத்துக்காக 37 தணிப்பான்கள், அதாவது பெரிய சொக்குகள், பூட்டி 2002 பெப்ரவரியில் மறுபடி திறந்தார்கள். எங்கள் காக்கா ஒரு பிளேன்டீ நேரத்தில் செய்த வைத்தியம்தான், அளவு பெரிது.

இனி ‘நேரம் இல்லை’ என்பவர்களிடம் வருகிறேன். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாடத்திட்டம் பெரிது. பரீட்சை கிட்ட. கடந்தகால வினாத்தாள் செய்விக்காமல் ஒயிலர் கதை சொல்லிக்கொண்டிருந்தால் பெற்றோர் சும்மா விடமாட்டார்கள், பிள்ளையே விடாது. நானும் வினாத்தாள் செய்விக்கிறேன், அட்டவணையையும் கொடுக்கிறேன். பரீட்சை மண்டபத்தில் ஊகத்தின் வரலாற்றை யோசிக்கச் சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை. ஆனால் அட்டவணை கடைசியில் வரட்டும். முகம் மாறாத சார்பைத் தேடுகிற அந்த ஊகம் முதலில் வரட்டும், அதற்கு ஐந்து நிமிடம். வேறு தீர்வு இல்லை என்ற நிறுவலுக்குப் பதினொரு நிமிடம். மொத்தம் பதினாறு. மைக்கைச் சரிசெய்து, வராதவர் கணக்கெடுத்து, கட்டணக் கவரைச் சேர்த்து முடிக்கவே அதைவிடக் கூட நேரம் போகிற வகுப்புகள் எனக்குத் தெரியும்.

எங்களைப் போல தரம் 11 வரை கற்பிக்கிறவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. இருபடிச் சமன்பாடு படிப்பிக்கும்போது “இது உயர்தரத்தில் உதவும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம். எதற்கு உதவும் என்று ஒரு சொக்கைக் காட்டிச் சொல்ல எங்களுக்கும் சொல்லித்தரப்படவில்லை. கல்வியியற் கல்லூரியில் பாடத்திட்டமிடல் எழுதப் பழக்கினார்கள், பிரவேசம், படிமுறை, மதிப்பீடு என்று கட்டம் போட்டு. பிள்ளை கட்டத்துக்கு வெளியே ஒரு கேள்வி கேட்டால் “எனக்கு இப்ப தெரியா, பார்த்துட்டு வாறன்” என்று சொல்லப் பழக்கியதாக ஞாபகமில்லை. அந்த வசனத்தை நான் இப்போதுதான் பழகுகிறேன். முதல் இரண்டு தடவை தொண்டையில் சிக்கியது.

போன சனிக்கிழமை அதே பிள்ளை புதுக் கேள்வி ஒன்றோடு வந்தான். வலது பக்கம் பூச்சியமாக இல்லாவிட்டால் என்ன செய்வது? அதாவது, சைக்கிள் ஒரே இடைவெளியில் வரிசையாகக் குழிகள் உள்ள பாதையில் ஒரே வேகத்தில் போனால்? குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் துள்ளல் மோசமாகிறது, அதைவிட வேகமாகப் போனால் குறைகிறது என்கிறான். எந்தப் பாதை என்றும் சொன்னான். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரைக்குப் போகிற அந்தத் துண்டு, ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

எனக்கு இப்ப தெரியா மகன், பார்த்துட்டு வாறன் என்றேன். உண்மையில் பாதி தெரியும். மற்றப் பாதிக்கு நாளைப் பின்னேரம் அந்தப் பாதையில் சைக்கிளோடு போகிறோம். அவன் குழிகளுக்கிடையே உள்ள தூரத்தை அளக்க ஒரு அளவுநாடா கொண்டுவருகிறானாம். என் புது ஒயில் சீல் தாங்குமா என்றுதான் யோசனை.